பூஞ்சைக்குப் பொட்டு வைத்த கதை

நான் வேலை பார்த்த பரிசோதனைக்கூடத்தில் புதிதாக ஒரு மெஷின் வாங்கியிருக்கிறார்களாம். அங்கே இப்போது வேலை பார்க்கும் நித்யா போன் போட்டுச் சொன்னாள். ஒரு சிட்டிகை மரத்தூளைப் போட்டால் போதுமாம். அதில் என்ன புழு இருக்கிறது, அதன் குலம் என்ன, கோத்திரம் என்ன என்று சாயந்திரத்துக்குள் சொல்லிவிடுமாம். ஜாதகப் பொருத்தமும் பார்க்குமா என்று கேட்டேன். இல்லையாம்.

"அப்போ நீங்கல்லாம் எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?" என்றாள்.

"சோறு போட்டுக் கூப்பிட்டோம்மா."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அதைத்தான் செய்தோம், கூப்பிட்ட மரியாதைக்குப் புழுவும் வந்தது. அதற்கப்புறம் மனிதர்கள் நடந்துகொண்ட விதம்தான் வயிற்றெரிச்சல். போனில் பாதி சொல்வதற்குள் குக்கர் விசில் அடித்துவிட்டது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

தாவரவியல் படித்துவிட்டு எண்பதுகளின் ஆரம்பத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். அம்பத்தூரிலிருந்து ஆவடி போகிற வழியில், ஒரு கிடங்குக்குப் பின்னால் எங்கள் கட்டடம் இருந்தது. கப்பலில் வருகிற, போகிற தானியம், விதை, மரம் எல்லாவற்றிலும் பூச்சி புழு இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. முதல் சில வருடங்கள் அரிசியில் வண்டு பொறுக்கினேன். "இதை நம்ம ஊட்லயே பண்ணியிருக்கலாமே, இதுக்கா பஸ் ஏறிப் போற?" என்று மாமியார் கேட்டார். பிறகு நூற்புழுப் பிரிவுக்கு மாற்றினார்கள். நூற்புழு வெறும் கண்ணுக்குத் தெரியாது என்பதால் மாமியாருக்கும் என் வேலைமேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

அந்தப் பிரிவின் தலைவர் வேதநாயகம் சார். ஒல்லியான மனிதர். எந்தக் கேள்விக்கும் சட்டென்று பதில் சொல்ல மாட்டார். "இன்னைக்கு வெயில் அதிகம் இல்ல சார்?" என்று கேட்டால்கூட ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இருக்கலாம்" என்பார். விளக்குமாற்றுக் குச்சியைச் சீவி, அதன் நுனியில் ஒரு கண்ணிமை முடியை ஒட்டி, அதனால் தண்ணீரிலிருந்து ஒற்றைப் புழுவைத் தூக்கி எடுக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். இமை முடி யாருடையது என்று கேட்காதீர்கள். சார் பிடுங்கிப் பிடுங்கி அவர் இமையில் மிச்சம் இருந்ததே கொஞ்சம். மற்றவர்களிடம் கேட்கச் சங்கடப்படுவார்.

எங்கள் கூடத்தில் உள்ளடங்கி ஒரு சின்ன அறை இருந்தது. அதில்தான் பூஞ்சை வளர்த்தோம். அந்த அறைக்குள் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு போகக்கூடாது, பவுடர் கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது. "எதுக்கு சார் இந்த விரதம்?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"இந்தப் புழுவுக்குக் கண்ணும் இல்ல, காதும் இல்ல கஸ்தூரிம்மா. வாசனை ஒண்ணுதான். அது போற வழியில நீங்க மல்லிப்பூவோட நின்னா எப்படி?"

பைன் மரத்தைக் கொல்கிற நூற்புழு ஒன்று உண்டு. மரம் உயிரோடு இருக்கும்வரை மரத்தைத் தின்னும். மரம் செத்ததும் பட்டினி கிடக்காது. செத்த மரத்தில் ஒரு பூஞ்சை பிடித்து, கட்டை முழுக்க மை கொட்டியதுபோல நீலமாகும். அந்தப் பூஞ்சையிலிருந்து காற்றில் கலக்கிற ஏதோ ஒரு ரசாயனம், புழுவுக்குச் சாப்பாட்டு மணி. மோப்பம் பிடித்துப் போய் அதைத் தின்று, அங்கேயே குட்டி போட்டுப் பெருகும். அதே மரத்தில் ஒரு வண்டும் வளரும். வண்டுக் குஞ்சு கிடக்கும் பொந்தைச் சுற்றியும் பூஞ்சை படர்ந்திருப்பதால் புழுக்கள் அங்கே கூடிவிடும். வண்டு பறக்கும்போது தொற்றிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய் இறங்கும். ஐயப்பன்தாங்கல் டிப்போவில் பஸ் கிளம்புகிற நேரம் பார்த்து ஏறுகிறவர்களின் சாமர்த்தியம் இந்தப் புழுவுக்கு உண்டு.

"தன்னைத் தின்ன வர்றவனை அந்தப் பூஞ்சை எதுக்கு சார் கூப்பிடணும்?" என்றேன்.

சார் வழக்கம்போல யோசித்தார். "அது கூப்பிடுதுன்னு நாம சொல்றோம். அது தன் பாட்டுக்கு வளருது, வாசனை வெளியே போகுது. வர்றவன் வர்றான்."

தொண்ணூறுகளின் நடுவில் கரீம் பாய் விவகாரம் வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் என் வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருந்தார், அதனால் பாயை எனக்கு முன்பே தெரியும். அங்கே தொழிற்சாலைகளுக்கு வெளிநாட்டு மெஷின்கள் பெரிய பெரிய கள்ளிப்பெட்டிகளில் வரும், எல்லாம் பைன் மரம். மெஷினை இறக்கிய கையோடு பெட்டியைப் பாய் விலைக்கு வாங்கி, சென்னீர்குப்பத்தில் இருந்த தன் மரவாடிக்குக் கொண்டுபோய் ஆணி பிடுங்கிப் பலகையாக அடுக்குவார். பூந்தமல்லி சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் வீட்டுக் கட்டிலும் பள்ளிக்கூட பெஞ்சும் அந்தப் பலகைதான். கெட்டியான பலகையில் தொழிற்சாலைகளுக்கே திரும்ப ஏற்றுமதிப் பெட்டி செய்து கொடுப்பார். வெளிநாட்டு மரம் இப்படித் தாய்நாட்டுக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பயணத்தில்தான் வில்லங்கம் வந்தது.

அவர் செய்த பெட்டியில் ஒரு தொழிற்சாலை ஐரோப்பாவுக்குச் சாமான் அனுப்பியது. அங்கே துறைமுகத்தில் கட்டையைச் சீவிப் பார்த்து, உயிரோடு நூற்புழு இருக்கிறது என்று சரக்கை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் காடு முழுக்கப் பைன், பயப்படாமல் என்ன செய்வார்கள்? தொழிற்சாலை எங்கள் மேலிடத்தைப் பிடித்தது, மேலிடம் எங்களைப் பிடித்தது. மரவாடியைச் சோதித்து, கொலைகாரப் புழு இருந்தால் மொத்தக் கட்டையையும் கொளுத்த வேண்டும் என்பது உத்தரவு. சென்னீர்குப்பத்தில் வேப்பமரம் உண்டு, புளியமரம் உண்டு, சவுக்கு உண்டு. பைன் மரத்தைப் படத்தில்கூட அங்கே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் உத்தரவு உத்தரவுதானே.

நானும் சாரும் போனபோது மதியம். மரவாடியின் பின்பக்கம் வேலையாட்களுக்குப் பெரிய அண்டாவில் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. ஏதேதோ அலுவலகங்களிலிருந்து நாலைந்து பேர் ஃபைலோடு உட்கார்ந்திருந்தார்கள். பாய் எங்களையும் கூப்பிட்டார்.

"வா தங்கச்சி. சார், வாங்க, குந்துங்க. ஒரு வாய் சாப்ட்டு அப்பால கட்டைய பாக்கலாம்."

"எங்களுக்கு வேண்டாம் பாய். தினமும் இத்தனை பேர் வருவாங்களா?" என்று சார் கேட்டார்.

"நானா சார் கூப்புட்றேன்? நாங்க பாட்டுக்கு ஆக்கிறோம், கரெக்டா தம் ஒடைக்கிற நேரத்துக்கு செக்கிங்குனு வந்துட்றாங்கோ."

சார் என்னைப் பார்த்தார். நான் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன்.

நீலக்கறை பிடித்த பலகைகளாகப் பார்த்து எடுத்தோம். பாய் கூடவே வந்தார். சிரித்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. "சார், நெஜமாவே கொளுத்திடுவாங்களா? இந்த வாடிதான் சார் எனக்கு எல்லாம். ஒரு தபா என் கட்டை எரிஞ்சிதுன்னா எஸ்டேட்ல ஒருத்தனும் எனக்கு பொட்டி தர மாட்டான். பூச்சி புடிச்ச பாய்னு பேராய்டும்."

"புழு இருக்குங்கிறதுக்காக மட்டும் கொளுத்த மாட்டாங்க. எந்தப் புழுன்னு பார்க்கணும்" என்றார் சார்.

அதுதான் சிக்கல். கொலைகாரப் புழுவுக்கு இரட்டைப் பிறவி மாதிரி இன்னொரு புழு உண்டு. அதுவும் பைன் கட்டையில் இருக்கும், பூஞ்சையைத் தின்னும், ஆனால் மரத்தைக் கொல்லாத சாது. இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரே வழி, வளர்ந்த பெண் புழுவின் வாலைப் பார்ப்பது. வால் மழுங்கி உருண்டையாக இருந்தால் கொலைகாரன். நுனியில் சின்ன முள் நீட்டிக்கொண்டிருந்தால் சாது.

கட்டையைத் தீக்குச்சி அளவு சீவி, மெல்லிய துணியில் முடிந்து, தண்ணீர் நிரம்பிய புனலில் ஊறவைத்தோம். புனலின் காலில் ரப்பர் குழாய், அதில் ஒரு கிளிப். கட்டையிலிருந்து புழு நெளிந்து இறங்கி அடியில் சேரும். மறுநாள் கிளிப்பைத் திறந்தால் புழு வந்தது, ஆனால் கொஞ்சம்தான், அதுவும் எல்லாம் குஞ்சு. குஞ்சின் வாலைப் பார்த்து ஜாதி சொல்ல முடியாது. சோறு போட்டு வளர்த்தால்தான் உண்டு. கடல்பாசி காய்ச்சி ஊற்றிய கண்ணாடித் தட்டில் ஒரு ஓரம் பூஞ்சையை வளர்த்து, எதிர் ஓரம் அந்தக் கட்டைச் சீவலை வைத்து மூடினோம். வாசனைக்குப் புழு நடந்து போக வேண்டும், தின்ன வேண்டும், பெரிதாக வேண்டும், குட்டி போட வேண்டும். அதுவரை நாங்கள் காத்திருக்க வேண்டும். பாய் மனசு கேட்காமல் ஒருநாள் நேரில் வந்துவிட்டார். தட்டை வெளிச்சத்தில் காட்டினேன்.

"அட, எங்கூட்ல நோன்புக்கு செய்யற கடப்பாசியாட்டம் கீதே!"

"அதேதான் பாய். பால், சர்க்கரை மட்டும் போடலை" என்றார் சார்.

"இந்த துக்ளியூண்டு தட்டுல குந்திகினா சார் என் தலையெழுத்து கீது?" என்று பாய் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. எனக்கு அவரைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

அந்த வாரத்தில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் கூடத்தில் மைக்ராஸ்கோப், தராசு, டைப்ரைட்டர், வாசலில் நிற்கும் ஜீப் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி கடலை கொடுப்பது வழக்கம். பூஞ்சை அறைக்கு மட்டும் பூஜை கிடையாது. அன்றைக்குச் சார் அந்த வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பார், பூஜைத் தட்டு அந்தப் பக்கம் திரும்பாது. அந்த வருடம் அவரை ஒரு கூட்டத்துக்கு டெல்லி வரச் சொல்லிவிட்டார்கள். நான் என் வீட்டுக்காரர் பட்டறைப் பூஜைக்கு லீவு.

லீவு முடிந்து வந்து அறைக் கதவைத் திறந்தேன். குப்பென்று சாம்பிராணி. உள்ளே கற்பூரம் எரித்த கரி, ஜன்னலில் கதம்பம். தட்டுகளின் மூடியை ஒவ்வொன்றாகத் திறந்து, பூஞ்சைக்குப் பக்கத்திலேயே, கடல்பாசி மேல், அழகாகச் சந்தனம் இட்டுக் குங்குமப் பொட்டு வைத்திருந்தது. "தனசேகரு!" என்று கத்தினேன்.

தனசேகர் எங்கள் அட்டெண்டர். என்னைவிட நாலு வயது மூத்தவர், ஆனாலும் என்னை அக்கா என்பார். பெருமையோடு வந்து நின்றார்.

"எப்டிக்கா கீது? அல்லா மிசினுக்கும் பொட்டு வெச்சிட்டு இத்த மட்டும் வுட்டா சாமிக்கு அடுக்குமா? வருசா வருசம் சார் குந்திகினு வுட மாட்டேன்றாரு. இந்த தபா ஆபீஸ் ரூம் சாவிய எட்தாந்து நானே பண்ணிட்டேன்."

"ஐயோ, ஏன்யா மூடியைத் திறந்த?"

"மூடி மேல வெச்சா சாமிக்கு இன்னாக்கா பெருமை? அந்த பாய் நல்ல மன்சன்க்கா. அவரு கட்டைக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுனு நல்லா வேண்டிகினுதான் வெச்சேன்."

இந்த மனிதரைத் திட்டுவதா, கும்பிடுவதா? தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். பூஞ்சைமேல் வேறு ஏதோ பச்சைப் பூசணம் ஏறியிருந்தது. புழு ஒன்றுகூடப் பூஞ்சைப் பக்கம் வரவில்லை. கட்டைச் சீவலுக்குப் பக்கத்திலேயே கம்பிபோல விறைத்துக் கிடந்தன. மற்ற தட்டுகளும் அதே கதை. வளர்ந்த பெண் புழு என்று காட்ட ஒன்றுமில்லை.

விஷயம் எப்படியோ பரவிவிட்டது. தனசேகர் பாய்க்குப் போன் போட்டு, "பூஜை போட்டேன் பாய், புழு பூட்ச்சு" என்று சொல்லியும்விட்டார். பாய் ஒரு பெட்டி நிறைய மிட்டாயோடு வந்தார். சாயபு கட்டையைச் சரஸ்வதி காப்பாற்றியதாகக் கூடமே கொண்டாடியது. மேலிடமும் 'புழு இல்லை என்று எழுதி அனுப்பு, தீர்ந்தது' என்ற மனநிலையில்தான் இருந்தது. டெல்லியிலிருந்து திரும்பிய சார் தட்டுகளைப் பார்த்தார். தனசேகரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாயிடம்தான் பேசினார்.

"பொட்டு வெச்ச தட்டைப் பார்த்துட்டு புழு இல்லைன்னு எழுதினா, அது பரிசோதனை இல்ல பாய், பிரார்த்தனை. மறுபடி வைக்கிறேன்."

பாயின் முகம் செத்துப்போனது. "இல்லேன்னு வந்தத எதுக்கு சார் இன்னொரு தபா நோண்டணும்? யாருக்கு சார் நஷ்டம்?"

"அந்த ஊர்க் காட்டுல புழு இறங்கினா? நாளைக்கு உங்க பெட்டியில அவன் மறுபடி புழு பார்த்தா, உங்களை மட்டும் இல்ல, இந்த எஸ்டேட்டையே நம்ப மாட்டான். ஒரு பத்து நாள் பொறுத்துக்குங்க. என்ன இருக்கோ அதை எழுதறேன்."

சார் சொன்னது நியாயம். இப்போது கேட்டாலும் நியாயம் என்றுதான் சொல்வேன். புதிதாகத் தட்டு ஊற்றி, புதிதாகப் பூஞ்சை ஏற்றி, மரவாடியிலிருந்து புதிதாகக் கட்டை சீவி வந்து வைத்தோம். இந்த முறை சாவி சாரின் சட்டைப்பையில்.

மறு பரிசோதனை நடப்பது மேலிடத்துக்குத் தெரிந்ததும் ஜாயிண்ட் டைரக்டர் சாருக்குப் போன் செய்தார். அவர் குரல் ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது. "நல்லா இருக்குன்னா எதுக்குய்யா மறுபடியும்? மறுபடியும்னா நல்லா இல்லைன்னுதானே அர்த்தம்?"

"தெரியலைன்னு அர்த்தம் சார்" என்றார் இவர்.

"தெரியாததையெல்லாம் வெச்சுக்கிட்டு உட்கார முடியாது. அடுத்த கப்பலுக்கு நாள் ஆகுது, கம்பெனிக்காரன் உயிரை எடுக்கறான். கொளுத்திட்டு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க."

வேதநாயகம் சார் அன்று யோசிக்கவே இல்லை. சட்டையைக்கூட மாற்றாமல் பஸ் பிடித்துத் தலைமை அலுவலகம் போய், இன்னும் நாலே நாள் கொடுங்கள் என்று நின்றார். கொடுக்கவில்லை. பொய்யாகவே "இல்லை" என்று எழுதியிருந்தால் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பார்கள். உண்மையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றதுதான் குற்றமாகிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. யார்மேல் காட்டுவது?

கொளுத்துகிற அன்று நானும் போயிருந்தேன். தொழிற்சாலைக்காரர்கள் பூந்தமல்லியிலிருந்து ஒரு கல்யாண போட்டோகிராபரைப் பிடித்து வந்திருந்தார்கள். அந்த ஆளுக்கு இது வேறு மாதிரி விசேஷம் என்று புரியவில்லை. "பாய், கொஞ்சம் இந்தாண்ட வாங்க, பொகை மறைக்குது. தலைய தூக்குங்க" என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தான். பழக்கதோஷத்தில் பாயும் தலையைத் தூக்கினார். பைன் எரிந்தால் நல்ல வாசனை. பெங்களூர் ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, ஏதோ ஹோமமா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த மூன்றாம் நாள் தட்டுகளைத் திறந்தோம். சோறு கண்ட புழுக்கள் கும்பலாகப் பூஞ்சையில் கிடந்தன. பெருசும் சிறுசுமாக நெளிந்தன. இமை முடியால் ஒரு பெண் புழுவைத் தூக்கிக் கண்ணாடியில் வைத்து, சார் பார்த்தார். நாற்காலியை எனக்கு நகர்த்தினார்.

"சார், நுனியில முள் இருக்கு."

"இன்னொண்ணு பாருங்க."

பார்த்தேன். அதிலும் முள். அடுத்ததிலும் முள். ஒவ்வொரு தட்டிலிருந்தும் எடுத்து எடுத்துப் பார்த்தேன், எல்லாம் சாதுப் புழு. போதும் என்று சார் சொல்லவே இல்லை, நானாகத்தான் நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தால் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

தொழிற்சாலையின் கப்பல் நல்லபடியாகப் போனது. போட்டோ ரொம்பத் தெளிவு என்று அந்த ஊர்க்காரர்கள் பாராட்டினார்களாம். பைன் பெட்டிகள் அதன்பிறகும் வந்துகொண்டேதான் இருந்தன, வேறு ஒருவர் வாங்கிப்போனார். பாய் சொன்னதுபோலவே அவருக்கு யாரும் பெட்டி தரவில்லை. கொஞ்ச நாளில் காட்டுப்பாக்கத்தில் மைத்துனர் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் இதெல்லாம் பிறகு. வாலைப் பார்த்த அன்று மதியமே, "பாய்க்கு நாமதான் சொல்லணும்" என்று சார் கிளம்பினார். நானும் கூடப் போனேன். மரவாடி வெட்டவெளியாகக் கிடந்தது. காலையில் பெய்த மழையில் சாம்பல் சேறாகியிருந்தது. எரிந்த ஆணிகளைக் காந்தத்தால் பொறுக்கிக்கொண்டிருந்த பாய் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். சார் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தச் சேற்றில் நடந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பாய் முழுசாகக் கேட்டார்.

"அப்போ அது மரத்த ஒண்ணும் பண்ணாத புழுவா சார்?"

"ஆமா பாய்."

"வேற இன்னாதான் பண்ணும்?"

"அந்த நீலப் பூஞ்சையைத் தின்னும். அவ்வளவுதான். அதுபாட்டுக்கு இருக்கும்."

பாய் கையிலிருந்த ஆணிகளைக் கீழே போட்டார்.

"அதுவும் நம்பளாட்டம்தானா? அதுபாட்டுக்கு சோத்த துன்னுகினு ஒரு ஓரமா இருந்துகீது. ரெண்டு பேரையும் சேத்து கொளுத்திட்டீங்களே சார்."